பேராசிரியருக்குப் பின்னால்

எங்கள் கல்லூரியில் பெண்கள் பேராசிரியருக்குப் பின்னால்தான் வகுப்புக்குள் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது, அவர் வந்து சேராத அறையில் உட்காரக் கூடாது, வராந்தாவில் நிற்கவும் கூடாது. மணி அடித்ததும் கீழே லேடீஸ் ரூம் வாசலில் வரிசையாக நிற்போம். பேராசிரியர் ஸ்டாஃப் ரூமிலிருந்து புறப்பட்டு எங்களைத் தாண்டிப் போவார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு வாத்துக் கூட்டம் மாதிரி அவர் பின்னால் போவோம். வகுப்பு முடிந்ததும் அவர் பின்னாலேயே இறங்கி வந்து மறுபடி லேடீஸ் ரூமுக்குள் அடைந்துகொள்வோம். எல்லாம் எங்கள் பாதுகாப்புக்காகவாம். யாரிடமிருந்து என்று கேட்டால், எங்களோடு படிக்கிற பையன்களிடமிருந்து. அவர்களில் பாதிப் பேர், ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாலே வியர்த்துப்போகிறவர்கள்.

இந்த விதியைப் போட்டவர்கள் இரண்டு கால்களை மனத்தில் வைத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இருப்பது ஒன்றரை. இதை நான் சொல்லலாம், வேறு யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்த காலிபர் போட்டிருப்பேன். முழங்காலில் அதற்கு ஒரு பூட்டு உண்டு. நிற்கும்போது பூட்ட வேண்டும், உட்காரும்போது திறக்க வேண்டும். சமதரையில் நன்றாகவே நடப்பேன். படி என்றால் மட்டும் நல்ல காலை மேலே வைத்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, இரும்புக் காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்து, அதற்குப் பிறகுதான் அடுத்த படி.

என் பெயர் யசோதரா. ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் பெண் நான். அப்பா பச்சைமுத்து கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டுபாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புத்த சங்கத்துக்குப் போவார், அங்கே கேட்டு வைத்த பெயர்தான் இது. ஐம்பத்தெட்டாம் வருஷம் நான் பி.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் இருந்தேன். கணக்கில் வகுப்பிலேயே நல்ல மார்க் எனக்குத்தான். இதில் அடக்கத்துக்கு ஒன்றும் இல்லை, மார்க் போட்டவர்களே சொன்னது.

கணக்குப் பேராசிரியர் சேஷகிரி. மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், தாத்தா திவான் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்தவராம். பஞ்சகச்சம், மூடிய கழுத்துக் கோட்டு, கையில் ரெஜிஸ்டர். மணி அடித்த கையோடு கிளம்பினார் என்றால் எதற்கும் நிற்க மாட்டார். பையன்கள் அவருக்கு ‘மெயில்’ என்று ரயிலின் பெயரை வைத்திருந்தார்கள். கணக்கு வகுப்பு மாடியில். பையன்களுக்கு முன்பக்கத்து அகலமான படி, ஆசிரியர்களுக்கும் பெண்களுக்கும் பின்பக்கம் ஓர் ஒடுக்கமான படி. அவர் அதில் கடகடவென்று ஏறி, வகுப்புக்குள் நுழைந்து, கடைசிப் பெண் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிடுவார். சாத்திய கதவு அந்த ஒரு மணி நேரத்துக்குத் திறக்காது.

அவர் கணக்கில் கடைசிப் பெண் என்றால், கடைசியாகக் கண்ணில் பட்ட பெண். நான் அப்போது பாதிப் படியில் இருப்பேன்.

முதலிரண்டு வருஷம் எனக்குக் கணக்கு வகுப்பு கீழேயே இருந்தது, பிரச்சினை இல்லை. கடைசி வருஷம்தான் மாடிக்குப் போட்டார்கள். என்னால் முடிந்த வேகத்தில் ஏறிப் பார்த்தேன். ஒரு தடவை விழுந்து கம்பி வளைந்து, அப்பா அதை ஆஸ்பத்திரியில் கொடுத்து நிமிர்த்திக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மூடிய கதவுக்கு வெளியே நின்று பாடத்தைக் கேட்டேன். நோட்டைச் சுவரில் வைத்துக் கணக்குப் போட்டேன். உள்ளே அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் நம்பர் வந்ததும் வெளியிலிருந்தே ‘பிரசென்ட் சார்’ என்று ஒரு நாள் கத்தினேன். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பியூன் சின்னப்பா வந்தார். அவரும் ஜீவனஹள்ளிக்காரர்தான், எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்து.

"பாப்பா, கீழ போயிடும்மா. பொம்பளப் புள்ளைங்க வராந்தாவுல நிக்கக் கூடாதாம். சேஷகிரி சார் பாத்தாருன்னா எனக்குதான் மெமோ."

ஆக, உள்ளேயும் இருக்க முடியாது, வெளியேயும் நிற்க முடியாது.

நான் ஸ்டாஃப் ரூமுக்கே போய் அவரிடம் கேட்டேன். அவர் வெள்ளி டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், என்னால உங்க வேகத்துக்கு ஏற முடியல. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே நான் போயி கிளாஸ்ல உக்காந்துக்கட்டுமா?"

"பசங்க நடுவுல தனியாவா? என்னம்மா பேசறே? உங்கப்பா வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"எங்கப்பா கேக்க மாட்டாரு சார்."

"அவர் கேக்காம இருக்கலாம். காலேஜுக்குன்னு ஒரு பேர் இருக்கோன்னோ?"

"அப்ப நான் வர்ற வரைக்கும் கதவச் சாத்தாம இருங்க சார். அது போதும்."

டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒருத்திக்காகக் கதவத் திறந்து வெச்சா நாளைக்கு எல்லாரும் ஒரு காரணம் சொல்லிண்டு வருவா. டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கு. உங்களவாளுக்கு சீட்டு குடுத்தாச்சு, ஸ்காலர்ஷிப் குடுத்தாச்சு. இன்னும் என்னதான் வேணும்?"

"கதவு சார்."

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிரித்துக்கொண்டார். சீட்டு எனக்கு யாரும் கொடுக்கவில்லை. இன்டரில் மார்க் வாங்கி எடுத்தேன். அதை அவரிடம் சொல்ல முடியவில்லை. அழுகை இல்லை, ஆத்திரம். எனக்கு ஆத்திரம் வந்தால் குரல் வராது. அந்த மனிதரிடம் அதுகூட எனக்கு எதிராகத்தான் போயிற்று.

டெர்ம் முடியப்போகும் சமயத்தில் நோட்டீஸ் போர்டில் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பெயரை ஒட்டினார்கள். முக்கால்வாசி நாள் வந்திருக்காவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் போனவர்களோடு என் பெயரும் இருந்தது. கணக்கு, சேஷகிரி. மற்றப் பாடம் எல்லாவற்றிலும் நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. ஒரு பாடத்தில் குறைந்தாலும் பரீட்சை மொத்தமாகப் போச்சு. பரீட்சை போனால் ஸ்காலர்ஷிப் போகும். ஸ்காலர்ஷிப் போனால் இன்னொரு வருஷம் என்னைப் படிக்க வைக்க அப்பாவால் ஆகாது. மூன்று வருஷம் பஸ்ஸில் இடிபட்டு வந்ததெல்லாம் ஒரு மரக் கதவுக்கு முன்னால் வந்து முடிந்துவிடும்.

பிரின்சிபாலிடம் போனேன். அவர் ரொம்ப நல்லவர். இதை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். என் காலைப் பார்த்து ‘ச்சு ச்சு’ என்றார். நான் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நோடம்மா, ரெஜிஸ்டர் சேஷகிரியோடது. அவர் பிரசென்ட்னு போட்டா பிரசென்ட், இல்லேன்னா இல்ல. அதுல நான் கை வைக்க முடியாது. ஆனா உனக்கு ஒரு வழி இருக்கு. உடம்பு சரியில்லாம வீட்டுல இருந்தேன்னு டாக்டர் சர்டிபிகேட் கொண்டா. யூனிவர்சிட்டியில மன்னிச்சு விட்டுடுவாங்க."

"நான் வீட்டுல இல்ல சார். தினமும் வந்தேன். கதவுக்கு வெளியில நின்னேன்."

"அது ரெஜிஸ்டர்ல இல்லையேம்மா." என் தோளைத் தட்டப் போனவர், பெண் என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். "அப்புறம், இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம். நாளைலேந்து பியூன்களை விட்டு உன்னை நாற்காலியில தூக்கிண்டு போகச் சொல்றேன். சந்தோஷமா?"

யோசித்துப் பாருங்கள். கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க இந்தக் கல்லூரியில் வழி கிடையாது. நான் சீக்காளி என்று பொய் சொல்லலாம், இரண்டு ஆட்களை வைத்து என்னைத் தூக்கலாம், யூனிவர்சிட்டிவரைக்கும் எழுதிப் போட்டு மன்னிப்புக் கேட்கலாம். எல்லாம் செய்வார்கள். அந்தக் கதவைத் தவிர.

மறுநாள் சின்னப்பாவும் இன்னொரு பியூனும் கைவைத்த மர நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். மற்றப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுத்தால் ‘உதவி செய்தோம், வேண்டாமென்றாள்’ என்று எழுதிவிடுவார்கள் என்று பயந்து உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல வெட்கப்பட்டதில்லை. சின்னப்பாவுக்கு வயசு அப்பாவைவிட அதிகம். ஒடுக்கமான படியில் நாற்காலி இரண்டு பக்கமும் இடித்தது. இறக்கி, சாய்த்து, மறுபடி தூக்கி, நான் காலிபரோடு ஏறுவதைவிட மெதுவாக அவர்கள் என்னை ஏற்றினார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

சின்னப்பா கடைசிப் படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"ஏம்மா, இத்தினி பேஜாரு பண்ணிக்கினு நீ படிக்கணுமா? ஊட்டோட இருந்தா இன்னா? எங்க உசுர ஏம்மா வாங்கற?"

அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நான் நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்தே கீழே இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

வகுப்பு முடிந்ததும் கோமளம் லேடீஸ் ரூமில் என்னிடம் வந்தாள். கோமளம் என் வகுப்புதான், மல்லேஸ்வரத்துப் பெண், சேஷகிரி சாருக்குத் தூரத்து உறவு. எந்த விதியையும் மீறாதவள். வரிசையில் எப்போதும் முதலில் நிற்பாள். என்னிடம் பிரியமாகத்தான் இருப்பாள். டிபன் டப்பாவில் பாதியை என் பக்கம் தள்ளுவாள், ஆனால் நான் தருவதைத் தின்ன மாட்டாள்.

"சர்டிபிகேட்தானேடி? எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ஜுரம்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

"உன்னக் கதவுக்கு வெளிய நிக்க வெச்சுட்டு, நீ வரவே இல்லன்னு எழுதிக் குடுன்னா குடுப்பியா?"

"எனக்கு அப்படி ஆகாதேடி" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போல. முகம் சிவந்து, டப்பாவை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா சிரித்த முகமாக வாசலில் நிற்கிறார். இடுப்பு வலியென்று மத்தியானமே வீடு திரும்பிய சின்னப்பா எல்லாவற்றையும் வந்து சொல்லியிருக்கிறார். அப்பா உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், பெரிய டாக்டரைப் பார்த்து, சர்டிபிகேட் வாங்கி வந்துவிட்டார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து அதைக் கசங்காமல் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கவலப்படாத கண்ணு. டாக்டரு நல்ல மனுசன். கேட்டதும் போட்டுக் குடுத்துட்டாரு. நாளிக்கே குடுத்துடு."

படித்தேன். நாள்பட்ட காய்ச்சல், பலவீனம், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வீட்டிலேயே படுக்கையில் இருந்தாள் என்று இருந்தது. விழுந்து கம்பி வளைந்த நாளும் அதற்குள் வந்தது. அன்றைக்கும் நான் படுக்கையில் இருந்தேனாம். இரண்டாக, நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அப்பா என்னை அடித்ததில்லை. அன்று கையை ஓங்கினார், பிறகு அந்தக் கையாலேயே தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கேட்டதும் குடுத்தாருன்னா சொன்னேன்? பொய்யி. ரெண்டு மணி நேரம் அவரு ரூமு வாசல்ல நின்னேன். காலப் புடிச்சேன். எம்பொண்ணு நொண்டி சாமீன்னு சொல்லிக் கேட்டேன். எங்க வாயால சொல்லாத வார்த்தய சொல்லிக் கேட்டேண்டி!"

"அதுக்குதான் நைனா கிழிச்சேன்."

"பரிச்ச எழுத வேணாமா உனக்கு?"

"எழுதுவேன்."

"எப்பிடி?"

எப்படி என்று எனக்கும் அப்போது தெரியாது. அப்பா அன்று சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. என் அப்பாவை அந்த வார்த்தையைச் சொல்ல வைத்துவிட்டார்களே என்று உடம்பெல்லாம் எரிந்தது. சேஷகிரிமேல் இருந்த கோபம் அதுவரை என் ஒருத்தியின் கோபம். அன்றிலிருந்து அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

சேஷகிரி சாரைப் பற்றிப் பெண்கள் எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். படியில் எதிரே ஒரு பெண் வந்தால் அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, கச்சத்தை இழுத்துச் சேர்த்துக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். பெண்பிள்ளைமேல் தெரியாமல் பட்டுவிடக் கூடாது. என் விஷயத்தில் அவருக்கு இரண்டு மடங்கு ஜாக்கிரதை. நான் நோட்டுக் கொடுத்தால் மேஜைமேல் வைக்கச் சொல்வார், கையில் வாங்க மாட்டார். இதை நினைத்து நான் மனம் புழுங்கியது உண்டு. அந்த இரவு அதையே திருப்பிப் போட்டு நினைத்தேன். இவரால் என்னைத் தாண்டிப் போக முடியாது. இடம் இருந்தால்தான் தாண்டுவார். பின்பக்கத்துப் படியில் இடம் இல்லை.

மறுநாள் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் லேடீஸ் ரூமை விட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நிற்கவில்லை. வகுப்பில் உட்காரவும் இல்லை. பின்படியில் ஏறி, அது திரும்புகிற இடத்தைத் தாண்டி, கீழிருந்து பார்த்தால் தெரியாத ஒரு படியில் நடுவாக நின்றேன். படியில் நிற்கக் கூடாது என்று எந்த நோட்டீஸிலும் போடவில்லை. எவ்வளவோ யோசித்து விதி போட்டவர்களுக்கு அது தோன்றவில்லை.

மணி அடித்தது. மெயில் கிளம்பிவிட்டது. கீழே செருப்புச் சத்தம், அதன் பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம். கடகடவென்று ஏறி வந்தவர் திருப்பத்தில் என்னைப் பார்த்துச் சட்டென்று நின்றார். அவர் பின்னால் கோமளம், கோமளத்துக்குப் பின்னால் மற்றப் பெண்கள், கீழ்ப்படிவரை நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் கைப்பிடியைப் பிடித்தேன். நல்ல காலை மேலே வைத்தேன். இரும்புக் காலை இழுத்துச் சேர்த்தேன்.

"என்ன இது? வழி விடு."

"ஏறிக்கிட்டுதான் இருக்கேன் சார்."

"ஓரமா நில்லு. எனக்கு நேரமாறது."

"ஓரத்துல நின்னா விழுந்துடுவேன் சார்." அது உண்மை.

இன்னொரு படி ஏறினேன். அவருக்கு மூச்சு முட்டியது எனக்குக் கேட்டது. மேலே வகுப்பிலிருந்து பையன்களின் இரைச்சல் வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட வகுப்புக்குத் தாமதமாகப் போனதில்லை. அந்தப் பெருமையைத்தான் அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார்.

பின்பக்கம் திரும்பினார். "கோமளம், எல்லாரையும் கீழ இறங்கச் சொல்லு. நான் முன்பக்கத்துப் படி வழியா போறேன்."

கோமளம் அசையவில்லை. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது, புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பின்னால எல்லாரும் நிக்கறா சார்" என்றாள் மெதுவாக. "திரும்ப முடியலே."

திரும்ப முடியாமல் என்ன? முடியும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவள் சொல்லிவிட்டாள், பின்னால் இருந்த ஒருத்தியும் நகரவில்லை. அதற்குப் பிறகு அவர் குரல் மாறிவிட்டது. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, என் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"இதோ பாரும்மா. உனக்கு அட்டெண்டன்ஸ் தானே வேணும்? குடுத்துடறேன். கொஞ்சம் ஒதுங்கு."

"இன்னிக்கா சார்?"

"எல்லா நாளும். முழு டெர்மும் போட்டுடறேன். ஒதுங்கு, நான் போகணும்."

நான் நின்றுவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை. காதில் ஏதோ இரைந்தது. டிசிப்ளின், காலேஜின் பேர், ரெஜிஸ்டர், யூனிவர்சிட்டி என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம், தன் ஐந்து நிமிஷம் போகிறது என்றதும் அந்தப் படியிலேயே கழன்று விழுந்துவிட்டது. என் ஒரு வருஷம் போனபோது இவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் விழுந்தபோது தோன்றவில்லை. சின்னப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது தோன்றவில்லை. அடிக்கலாம் போல இருந்தது. இதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

"குடுங்க சார்" என்றேன். குரல் வந்தது, அதுவே பெரிசு. "ஆனா நான் ஏறி முடிச்சப்புறம்."

ஏறினேன். அவசரப்படவில்லை, வேண்டுமென்று தாமதிக்கவும் இல்லை. என் நடை எதுவோ அதுதான். எனக்குப் பின்னால் பேராசிரியர், அவருக்குப் பின்னால் பெண்கள், எல்லாரும் என் வேகத்தில் வந்தார்கள்.

வகுப்பு வாசலில் என் நிழல் விழுந்ததும் பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பேராசிரியர் என்று நினைத்துத்தான் எழுந்தார்கள். நான் என்று தெரிந்ததும் இரண்டு பேர் உட்காரப் போய், பின்னால் அவர் முகத்தைப் பார்த்து மறுபடி நிமிர்ந்தார்கள். பெண்கள் உட்கார்ந்த பிறகுதான் பையன்கள் உட்கார வேண்டும், அதுவும் அவருடைய ஒழுங்குதான். அதனால் நான் முன் பெஞ்சுக்குப் போய், பூட்டைத் திறந்து, காலை உள்ளே இழுத்து உட்கார்ந்து முடிக்கும்வரை அந்த வகுப்பு முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

அவர் கதவைச் சாத்தவில்லை. மறந்துவிட்டாரோ என்னவோ. ரெஜிஸ்டரைத் திறந்து வழக்கத்தைவிட வேகமாக நம்பர்களைப் படித்தார். என் நம்பர் வந்தது. நான் பூட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தேன். அடுத்த நம்பருக்குப் போகாமல் அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"பிரசென்ட் சார்."

"சரி. உக்காரு."

நான் உட்காரவில்லை.

"படியில சொன்னீங்களே சார், அத இங்க சொல்லுங்க."

அவர் காது மடல் சிவந்தது. "அப்புறம் பாக்கலாம். உக்காரு."

"உக்காந்தா மறுபடி எழுந்திரிக்க நேரமாகும் சார். போட்டுடுங்க, உக்காந்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் இருமினான். அவர் என்னைப் பார்த்தார். எங்கள் மூன்று வருஷத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். ரெஜிஸ்டரில் டெர்ம் தொடங்கிய பக்கத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு மாதமாக என் நம்பருக்கு நேரே விரலை வைத்து, சிவப்பு மையில் இருந்த ஆப்சென்ட்டையெல்லாம் அடித்து மேலே பிரசென்ட் போட்டுக்கொண்டே வந்தார். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசிப் பக்கம்வரை பார்த்தேன்.

மொத்தமும் எழுதி முடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.